இறக்கு

உ
மாடம்பாக்கம்
20-6-2004

சிரஞ்சீவி பத்ரிக்கு அக்கா காமு அநேக ஆசீர்வாதம். தேனுபுரீஸ்வரர் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஏதோ இருக்கிறோம். நீயும் பட்டுவும் க்ஷேமம்தானே? உன் பெண் விஷ்ணுப்ரியாவுக்கு இது எத்தனையாவது மாதம்? அவளைக் குனிந்து எதையும் தூக்க விடாதே.

போன் இருக்கும்போது அக்கா ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். மணி அடித்தால் அத்திம்பேருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு பூத்துக்குப் போய்ப் பேசவும் முடியாது. இனி உனக்கும் எனக்கும் போஸ்ட்மேன்தான்.

தை மாதம் அவருக்கு வலது பக்கம் விழுந்த பிறகு கையும் காலும் அப்படியேதான். பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது. எங்கே வருகிறது என்று கேள். படுக்கையில் இல்லை, டாக்டர் எதிரில் இல்லை. நம் பழைய ஹெரால்டு காரில். சாயங்காலம் ஐந்து மணிக்கு எதிர்வீட்டு அருள்மேரியும் நானும் அவரைத் தாங்கிப் பிடித்து ஷெட்டில் ஸ்டீயரிங் எதிரே உட்கார வைப்போம். பக்கத்து ஸீட்டில் நான் உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். மெக்கானிக் ரங்கன் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வண்டி நகராது. பத்து நிமிஷம் நின்ற இடத்தில் ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு வாய் திறக்கிறது. பால் கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். நேற்று ஐந்து வார்த்தை: 'காமு', 'சோக்', 'ஆயில்', 'போதும்', இன்னொன்று புரியவில்லை. ஆனாலும் எண்ணிக்கொண்டேன்.

இப்போது அதற்கும் வந்தது வினை. சூடானதும் சிவப்பு விளக்கு எரிகிறது, அணைய மாட்டேன் என்கிறது. உள்ளே உரலில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ரங்கன் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜின இறக்கணும் மாமி" என்றான்.

"அது ஏற்கெனவே உள்ளேதானேடா இருக்கு? இன்னும் எங்கே இறக்கறது?" என்றேன்.

சிரித்தான். "மேல தூக்கி வெளிய எடுக்கிறதுக்குப் பேருதான் மாமி இறக்குறது."

தூக்குவதற்கு இறக்குவது என்று பேர். நன்றாகத்தான் இருக்கிறது போ. விளக்கு வைத்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று அவனைக் கண்டித்தேன். எடுத்தால் இரண்டு மாதமோ மூன்று மாதமோ வண்டி ஊமையாக நிற்கும். எடுக்காவிட்டால் ஒரு நாள் தானே நின்றுவிடும் என்கிறான். நீ புனேயில் இத்தனை வருஷமாக மெஷின்களோடு குடித்தனம் பண்ணுகிறவன். எடுக்கலாமா, வேண்டாமா, ஒரு வார்த்தை எழுது.

இப்படிக்கு,
காமு

*

புனே
30-6-2004

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். விஷ்ணுப்ரியாவுக்கு ஆறு முடிந்து ஏழு. கால் கொஞ்சம் வீங்குகிறது, மற்றபடி பயமில்லை.

ரங்கன் சொன்னான் என்று அவசரப்பட்டு எடுத்துவிடாதே. அந்த இன்ஜினுக்கு ஒரு பிறவி வியாதி உண்டு. கிராங்க் என்பது இன்ஜினின் முதுகெலும்பு. அது முன்னும் பின்னும் நகராமல் இருக்க, பிறைச் சந்திரன் மாதிரி இரண்டு தகடு வைத்திருப்பார்கள். அது தேய்ந்தால் நீ எழுதியிருக்கிற எல்லாம் வரும். ஒரு சோதனை சொல்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு ரங்கனை கிளட்சை மிதிக்கச் சொல். முன்னால் விசிறிக்குக் கீழே இருக்கும் புல்லிச் சக்கரத்தை நீ பார். ஒரு போஸ்ட் கார்டு கனத்துக்கு மேல் அது அசையக் கூடாது. கொஞ்சம்தான் தேய்மானம் என்றால், அடியில் எண்ணெய்த் தட்டை மட்டும் கழற்றி, இன்ஜினை எடுக்காமலே தகடு மாற்றிவிடலாம்.

நேரில் பார்க்காமல் இவ்வளவுதான் சொல்ல முடியும். ஆடியில் நாலு நாள் லீவு போட்டு வரப் பார்க்கிறேன்.

பத்ரி

*

உ
மாடம்பாக்கம்
11-7-2004

சிரஞ்சீவி பத்ரிக்கு ஆசீர்வாதம். கால் வீக்கத்துக்கு பார்லி கஞ்சி கொடுக்கச் சொல்லு பட்டுவிடம். உப்பைக் குறை.

நீ சொன்னபடியே பார்த்தோம். இந்த வண்டிக்கு பானெட் முன்பக்கமாக முழுசும் வாய் பிளக்குமே, ரங்கன் அப்படித் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஏறி மிதித்தான். நான் குனிந்து பார்த்தேன். போஸ்ட் கார்டு என்றாயே, இரண்டு தீக்குச்சி கனத்துக்கு முன்னால் வந்துவிட்டுப் போகிறது. "இன்னா மாமி, ஆடுதா?" என்று உள்ளேயிருந்து கத்தினான். "கோயில் மணி நாக்கு மாதிரி ஆடறதுடா" என்றேன். அத்திம்பேர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. சிரிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

அன்றைக்கு ஏழு வார்த்தை. 'லைன்' என்றார், இரண்டு தடவை. அவர் வேலை பார்த்த வண்டலூர் கார் கம்பெனி லைனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. வாய் ஏழு சொல்கிறது, இன்ஜின் ஏழு நாள் தாங்குமா தெரியவில்லை.

நீ வருகிற தேதி எழுது. எந்த ரயில் என்றும் எழுது. அருள்மேரி வீட்டுக்காரர் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறார்.

காமு

*

புனே
28-7-2004

அக்காவுக்கு நமஸ்காரம். அனைவரும் நலம்.

ஆடியில் வர முடியாது போலிருக்கிறது. இங்கே ஒரு புது லைன் போடுகிறார்கள், ஃபோர்மேனுக்கு லீவு இல்லை. விஷ்ணுப்ரியாவையும் டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே.

இரண்டு தீக்குச்சி என்பது நல்ல செய்தி இல்லை. இனிமேல் யாரும் கிளட்சை மிதிக்க வேண்டாம். எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல். தகடு விழுந்து கிடந்தால், அது உட்காரும் இடம் தேய்ந்ததா என்று ரங்கன் விரலால் தடவிப் பார்க்கட்டும். தேயவில்லை என்றால் எடுக்க வேண்டாம். தேய்ந்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் எடுத்துவிட்டால் இந்த வண்டிக்கு இப்போது சாமான் கிடைப்பது துர்லபம். இரண்டையும் சொல்லிவிட்டேன். முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பத்ரி

*

உ
மாடம்பாக்கம்
22-8-2004

சிரஞ்சீவி பத்ரிக்கு ஆசீர்வாதம். இங்கே மழை இல்லை, புழுக்கம். அத்திம்பேருக்கு முதுகில் வேர்க்குரு, மற்றபடி சொல்லும்படி ஒன்றுமில்லை.

'நீங்கள்தான் முடிவு எடுக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் என்றால் யார்? அவரால் முடியாது, எனக்குத் தெரியாது.

ரங்கன் தட்டைக் கழற்றினான். எண்ணெய்க்குள்ளே அந்தப் பிறை கிடந்தது, வெட்டிப்போட்ட நகம் மாதிரி. உட்காரும் இடமும் தேய்ந்துவிட்டது. "இப்டியே ஓட்டிகினு இருந்தா ஆறு மாசமும் ஓடும், நாளைக்கே புட்சிகினு நின்னாலும் நின்னுடும். நான் இன்னா மாமி சொல்றது? சாரு வண்டி, சாரு சொல்லட்டும்" என்றுவிட்டான். பழைய தகட்டையே ஒப்புக்கு வைத்து மூடியிருக்கிறான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ராகு கால வேளையில் சரபேஸ்வரர் சன்னிதியில் பூ கட்டிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை என்றால் எடுப்பது, செவப்பு என்றால் விட்டுவிடுவது என்று வேண்டிக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவரை வண்டியில் உட்கார வைத்து, இன்ஜின் ஓடும்போதே கேட்டேன். "ஏன்னா, இன்ஜினை என்ன பண்ணட்டும்? ரங்கன் கேக்கறான்." கண்ணாடி வழியாக இன்ஜின் பக்கம் பார்த்தார். அப்புறம் இடது கையைத் தூக்கினார். "இறக்கு" என்றார். தெளிவாக, குழறாமல். "இறக்கு, இறக்கு" என்று மூன்று தடவை. கையைக் காற்றில் அசைத்துக் காட்டினார். இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை இப்படி முழுசாக வந்ததில்லை, பத்ரி. நான் அழுதுவிட்டேன். விளக்கு வைத்த நேரம்தான். அவர் சொன்னால் அந்த வார்த்தைக்குக்கூட தோஷமில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்து, ரங்கன் வருகிறான். அதற்குள் நீ ஏதாவது சொல்வதானால் எழுது.

காமு

*

புனே
28-8-2004

அக்காவுக்கு நமஸ்காரம். அத்திம்பேரே சொல்லிவிட்டார் என்றால் அப்புறம் என்ன? அப்படியே செய்யுங்கள். எடுக்கும் முன் கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொல்லவும்.

பூ என்ன வந்தது என்று எழுதவில்லையே.

ஒன்று கேட்க நினைத்தேன். இறக்கு என்று சொல்லும்போது கையை எப்படிக் காட்டினார்? கீழேயிருந்து மேலேயா, மேலேயிருந்து கீழேயா? சும்மாதான் கேட்கிறேன்.

பத்ரி

*

உ
மாடம்பாக்கம்
5-9-2004

சிரஞ்சீவி பத்ரிக்கு ஆசீர்வாதம். விஷ்ணுப்ரியாவுக்கு எப்படி இருக்கிறது? இந்த மாதம்தானே?

உன் கார்டு வெள்ளிக்கிழமை பகலில் வந்தது. அதற்குள் பாதி வேலை ஆகிவிட்டது. நீ கேட்டதற்குப் பதில்: மேலேயிருந்து கீழே. உள்ளங்கையைக் கவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி.

முக்காலி மாதிரி மூன்று இரும்புக் கம்பத்தை நட்டு, சங்கிலி மாட்டி, ரங்கனும் அவன் மச்சானும் இழுத்தார்கள். இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாக மேலே வந்தது. அத்திம்பேரை நாற்காலியில் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவர் பார்க்காமல் நடக்கக் கூடாது என்று நான்தான் வைத்தேன். அது மேலே வர வர அவர் "இறக்கு, இறக்கு" என்று ஒரே சத்தம். முகமெல்லாம் செவந்துவிட்டது. கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினார். ரங்கன், "இன்னா சார் அவசரம்? இறக்கிகினுதானே கீறோம்!" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அருள்மேரி, "அண்ணனுக்குப் பழைய வேகம் வந்துடுச்சு பாருங்க" என்றாள். பதினோரு தடவை சொன்னார். எண்ணினேன். ஒரே வார்த்தை பதினோரு தடவை வந்தால் அதைப் பதினொன்று என்று எழுதுவதா, ஒன்று என்று எழுதுவதா? பதினொன்று என்றே எழுதினேன்.

அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சந்தோஷம் என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

இன்ஜினை மினி லாரியில் ஏற்றி, திருமுடிவாக்கத்தில் கிராங்க் தேய்க்கிற பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். நேற்றும் இன்றும் அவர் பேசவில்லை. அலுப்பாக இருக்கும்.

காமு

*

உ
மாடம்பாக்கம்
26-9-2004

சிரஞ்சீவி பத்ரிக்கு ஆசீர்வாதம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பிரசவ வேளை, ஓடிக்கொண்டிருப்பாய். தாயும் பிள்ளையும் என்று நல்ல சேதி வரட்டும்.

நோட்டில் மூன்றாம் தேதிக்குக் கீழே எல்லாம் சைபர். எதற்காக தினமும் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விட மனசில்லை, எழுதுகிறேன். ஐந்து மணிக்கு வழக்கம்போல வண்டியில் உட்கார வைத்துப் பார்த்தேன். முன்னால் பள்ளமாக, பல்லெடுத்த வாய் மாதிரி இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. இரண்டு நாளாக உட்காரவும் மாட்டேன் என்று உடம்பை விறைத்துக்கொள்கிறார். கஞ்சி பாதி உள்ளே போகிறது, பாதி துண்டில்.

ரங்கன் வந்தான். கிராங்க்கை இதற்கு மேல் தேய்க்க முடியாதாம். இன்ஜின் பாடியிலும் ஒரு விரிசலாம். "பழைய இரும்புக் கடை ஒண்ணு உடாம தேடிகினு கீறேன் மாமி. கெடச்சா பாக்கலாம்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அவர் சொல்லித்தானே செய்தேன்? அவர் வாயால் சொன்னார். நீயும் அப்படியே செய் என்றாய். பின்னே என்ன தப்பு நடந்தது, பத்ரி? உனக்கு ஏதாவது தெரியுமா?

காமு

*

புனே
4-10-2004

அக்காவுக்கு நமஸ்காரம். பத்தொன்பதாம் தேதி விஷ்ணுப்ரியாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

நான் எழுதாததற்குப் பிரசவம் மட்டும் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுபதாம் வருஷம் உங்களோடு தங்கி பாலிடெக்னிக் படித்தபோது, ஒரு சனிக்கிழமை அத்திம்பேர் என்னை வண்டலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். லைனில் வெறும் சட்டம் வந்து நிற்கும். மேலே சங்கிலியில் புது இன்ஜின் தொங்கும். அத்திம்பேர் கீழே நின்று கையைத் தூக்குவார். உள்ளங்கையைக் கவிழ்த்து, "இறக்கு... இறக்கு... நிறுத்து" என்பார். சங்கிலிக்காரன் அவர் கையை மட்டும்தான் பார்ப்பான். இன்ஜின் வந்து பூப்போல உட்காரும். உங்கள் ஹெரால்டுக்கும் அவர்தான் அப்படி இறக்கினார். அன்று என்னிடம் காட்டி, "இது நம்மாத்துக்கு வரப்போறதுடா" என்றார்.

ரங்கனுக்கு இறக்குவது என்றால் வெளியே எடுப்பது. அத்திம்பேருக்கு இறக்குவது என்றால் உள்ளே வைப்பது. அவருக்கு வேறு அர்த்தம் கிடையாது.

உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு இது தோன்றியது. கையை எப்படிக் காட்டினார் என்று கேட்டது அதனால்தான். நிச்சயமாகத் தெரியாமல் எதற்குக் குழப்ப வேண்டும், நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாயே என்று விட்டுவிட்டேன். அருள்மேரி வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

பத்ரி

*

உ
மாடம்பாக்கம்
சரஸ்வதி பூஜை, அக்டோபர் 2004

சிரஞ்சீவி பத்ரிக்கு ஆசீர்வாதம். குழந்தைக்குப் பெயர் வைத்தாயா? தலைக்கு எண்ணெய் தடவும்போது உச்சியில் அழுத்த வேண்டாம் என்று பட்டுவிடம் சொல்லு.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. பூ என்ன வந்தது என்று கேட்டாயே, நானும் சொல்லவில்லையே. செவப்பு வந்தது. விட்டுவிடு என்று சுவாமி சொன்னதை மடியில் முடிந்துகொண்டுதான் அன்று வீட்டுக்கு வந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு முழு வார்த்தை வந்ததும் சுவாமி சொன்னதை மறைத்துவிட்டேன். உனக்கும் மறைத்தேன், எனக்கும் மறைத்தேன். நீ ஒன்று மறைத்தாய், நான் ஒன்று மறைத்தேன். நடுவில் அவர் ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னார். பதினோரு தடவை சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

ரங்கனைக் கூப்பிட்டு, எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்துவிடு என்றேன். "எப்டி மாமி? உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் கூடு" என்றான். கூடாவது கொண்டு வா, ஆயுத பூஜைக்கு வண்டி வாய் பிளந்து நிற்கக் கூடாது என்றேன். லைன் கதையையும் சொன்னேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

இதுவரை காலையில் எழுதியது. மீதியை இப்போது எழுதுகிறேன், மணி ஐந்தேகால்.

மூன்று மணிக்குக் கொண்டுவந்தான். துடைத்து, மேல்மூடி எல்லாம் போட்டு, பார்க்கிறதுக்கு முழு இன்ஜின் மாதிரியே. சங்கிலியில் தூக்கி வண்டிக்கு மேலே நிறுத்திவிட்டு, ரங்கன் சங்கிலியை விடவில்லை. "சார் சொன்னாத்தான் நான் விடுவேன்" என்றான். "சொல்லு சார். உன் கையப் பாத்துகினுதான் கீறேன்."

ரங்கன் மச்சான் சங்கிலியைக் கை மாற்றிப் பிடித்தான். அருள்மேரி ஜபமாலையை எடுத்துவிட்டாள். அப்புறம் இவர் இடது கை எழுந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. "இறக்கு" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். அவர் பேசி நாற்பத்தெட்டு நாள். சரியாக ஒரு மண்டலம்.

இறங்கியது. "நிறுத்து" என்றார். உட்கார்ந்தது. ரங்கன் அழுதுகொண்டே போல்ட்டை முடுக்கினான். சந்தனம், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவராகவே வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். உட்கார வைத்தோம். என்னைப் பார்த்தார். பக்கத்து ஸீட்டைப் பார்த்தார்.

"சாவி" என்றார்.

அத்தனை வண்டிக்கு இன்ஜின் இறக்கி வைத்தவருக்கு அது வெறும் கூடு என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதற்கு ஒரு தடவை அர்த்தம் பண்ணிவிட்டேன். இன்னொரு தடவை பண்ண பயமாக இருக்கிறது.

"இதோ எடுத்துண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. வெளியே ரங்கன் அவரோடு ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கூப்பிடுகிறார். "காமு" என்கிறார். நோட்டில் இன்றைக்கு நாலு.

போகிறேன். குழந்தைக்கு ஆசீர்வாதம்.

காமு